தோட்டத்துக் கணினியைக் காத்தவர்கள்

மலாயாவின் ரப்பரைப் பற்றியும் செம்பனையைப் பற்றியும் எழுதப்பட்ட சரித்திரங்களில் கோலசிலாங்கூருக்கு ஒரு தனி ஸ்தானம் உண்டு. 1905-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்து, சிலாங்கூர் நதிக்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் காடு திருத்திய ஹென்றி ஃபொக்கோனியே, பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனையை நட்டு, முதன்முதலாக அதை இந்நாட்டின் வாணிபப் பயிராக்கியதும், பின்னாளில் இம்மண்ணையே களமாக வைத்துத் தாம் எழுதிய நாவலுக்கு 1930-இல் கொன்கூர்ப் பரிசு பெற்றதும் பலரும் அறிந்த செய்திகளே. மரம் நட்டவர்களின் கதை எழுதப்பட்டுவிட்டது. பால்மரம் வெட்டியவர்களின் கதையும், போதிய அளவில் இல்லாவிட்டாலும், எழுதப்பட்டு வருகிறது. அந்தத் தோட்டங்களின் கணக்கும் கடிதமும் பள்ளிக்கூடத்துப் பதிவும் ஏட்டிலிருந்து கணினிக்குள் புகுந்து, அந்தக் கணினிக்கும் கிழடு தட்டிப்போன பிறகு, அதைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் கதையைத்தான் சரித்திரக்காரர்கள் ஒரு பொருட்டாகக் கருதவில்லை.

கணினிக்கு ஆதாரமாக இருந்து அதை இயக்கும் நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். டாஸ், விண்டோஸ் 98, எக்ஸ்பி என்று காலத்துக்குக் காலம் அது அவதாரம் மாறி வந்தது. பிறப்பித்த நிறுவனமே கைகழுவிவிட்ட பிறகும், வட சிலாங்கூரின் தோட்ட அலுவலகங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலய நிர்வாகத்தின் மேசைகளிலும் அந்தப் பழைய அவதாரங்கள் பல ஆண்டுகள் ஜீவித்திருந்தன. அதைக் கண்ட பட்டணத்துக்காரர்கள் சிலர், தோட்டத்து ஜனங்களுக்குப் புதுமையில் நாட்டமில்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டுப் போவார்கள். என் கட்சி வேறு. எடுத்துக்கொண்டு வெளியேற முடியாத இரண்டு பொருள்கள் அந்தப் பழைய இயந்திரங்களுக்குள் அகப்பட்டிருந்தன: ஒன்று தொழிலாளியின் சேவைக் கணக்கு; மற்றொன்று தமிழ் எழுத்து. அவற்றை விட்டுவிட்டுப் புது இயந்திரத்துக்குத் தாவுவது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

கணினிக்கு முந்திய நிலையைச் சிறிது சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்க, கிராணி என்னும் தோட்ட எழுத்தர் செக்ரோலைப் பிரித்து விளக்கொளியில் பெயர் படிப்பார். வந்தவர், வராதவர், அரைநாள் போனவர், நிறுவையில் எத்தனை ராத்தல் பால், ஒட்டுப்பால் எவ்வளவு, முன்பணம் என்ன, அரிசிக்குப் பிடித்தம் என்ன என்பன யாவும் அந்த அகன்ற ஏட்டின் கட்டங்களில் ஏறும். கட்டத்தில் ஏறாத நாள் உழைக்காத நாளே. கிராணிமாரில் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தாராகவும் மலையாளிகளாகவும் இருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவான வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதோடு, கொடுமை செய்யும் உத்தியோகஸ்தர்களை நீக்கித் தமிழரை அவ்விடத்தில் அமர்த்தவேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. ஏட்டைப் பிடித்த கைக்கு இருந்த அதிகாரத்தை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

இந்த ஏடு கணினிக்குள் போவதற்கு முதலில் மின்சாரம் வரவேண்டியிருந்தது. தோட்டத்துக்கென்று ஒரு ஜெனரேட்டர், அது மாலையில் சில மணி நேரம் தொழிலாளர் லயங்களுக்கு வெளிச்சம் தரும் என்பதே நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. தொழிலாளர்களின் வீட்டுக்கும் வசதிக்கும் குறைந்தபட்சத் தரத்தை விதித்த சட்டம் 1990-இல்தான் நிறைவேறியது. தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனலாக மாறியதும் அதே ஆண்டில். இருபத்துநான்கு மணி நேர மின்சாரம் தோட்டம் தோட்டமாக எட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் மேசைக் கணினியின் விலையும் இறங்கி வந்தது. லயத்தில் விளக்கும் அலுவலகத்தில் கணினியும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் வந்தன என்பதை மறந்துவிட்டு, இங்குள்ளவர்கள் கணினியில் பின்தங்கியவர்கள் என்று பேசுவது நியாயமன்று.

முதலில் வந்தவை டாஸ் இயந்திரங்கள். கறுப்புத் திரையில் பச்சை அல்லது வெள்ளை எழுத்து, சுட்டெலி கிடையாது. டிபேஸ், கிளிப்பர், பாக்ஸ்புரோ முதலிய கருவிகளால் எழுதப்பட்ட சம்பளக் கணக்கு நிரல்கள் அந்நாளில் உலகமெங்கும் சிறு அலுவலகங்களின் தலைவிதியை நிர்ணயித்தன. தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. அவற்றை எழுதியவர் பெரும்பாலும் தனி ஆசாமி ஒருவராக இருப்பார். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். மூல நிரல் அவரோடு போய்விடும். அலுவலகத்தில் எஞ்சுவது ஓடுகிற நிரலும், அது எப்படி ஓடுகிறது என்று அறியாத கிராணியும்தான். இயந்திரம் பழுதாகும்போது புதியதை வாங்கி நிரலை அதற்கு மாற்றினால் வேலை முடிந்தது என்று முதலாளிகள் எண்ணினார்கள். நடந்தது வேறு. பாக்ஸ்புரோவின் பழைய பதிப்புகள், கணினி இவ்வளவு வேகமாக ஓடும் என்று எதிர்பாராமல் எழுதப்பட்டவை; தொடங்கும்போது இயந்திரத்தின் வேகத்தை அளக்க முற்பட்டு, அளவு பூஜ்யமாக வந்துவிட, பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழை காட்டி அப்படியே நின்றுவிடும். இயந்திரம் புதிதாக இருப்பதே ஒரு குற்றமாகிப்போன விபரீதம் இது.

அச்சிடும் விஷயத்திலும் இதே கதி. எப்சன் எல்எக்ஸ்-300 போன்ற டாட் மேட்ரிக்ஸ் அச்சு இயந்திரங்கள் கரகரவென்று சத்தமிட்டுக்கொண்டு, கார்பன் வைத்த மடிப்புத் தாளில் சம்பளச் சீட்டை ஒரே அடியில் இரண்டு மூன்று பிரதிகளாகத் தரும். டாஸ் நிரலுக்குத் தெரிந்த ஒரே வாசல், அந்த அச்சு இயந்திரத்தின் கனத்த கம்பி செருகும் பழைய துவாரம். புதுக் கணினிகளில் அந்தத் துவாரத்தையே எடுத்துவிட்டார்கள். யூஎஸ்பி அச்சு இயந்திரத்தை வலைப்பின்னலில் இருப்பதுபோல் பாவனை செய்து, பழைய வாசலின் பெயரை அதற்குச் சூட்டி, டாஸ் நிரலை ஏமாற்றும் வித்தை ஒன்று உண்டு. அதை அறிந்தவனுக்கு அந்நாளில் அலுவலகங்களில் நல்ல மரியாதை இருந்தது.

இத்தனை சிரமப்பட்டு அந்த நிரலைக் காப்பாற்றுவானேன் என்று கேட்கலாம். 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்க, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகளை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சேவை செய்த தொழிலாளியை நீக்கினால், சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 15 நாள். அதற்குக் கீழே 10 நாள். ஆகவே, சேவையில் சேர்ந்த தேதி என்பது வெறும் தேதியல்ல, பணம். 1981-இல் கத்ரி நிறுவனத்தின் பங்குகள் லண்டன் சந்தையில் ஒரே காலையில் மலேசியர் கைக்கு வந்ததும், 2007-இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் என்ற மூன்று பெருங்குழுமங்கள் ஒன்றாக இணைந்ததும் பத்திரிகைகளில் பெருஞ்செய்திகளாயின. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கீழே ஓர் அலுவலகத்தில் ஒரு செக்ரோல் இன்னொரு செக்ரோலுக்கு மாறவேண்டியிருந்தது என்பது செய்தியாகவில்லை. மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் ஜனங்கள் தங்களுக்குரிய வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியதை இந்த வட்டாரம் அறியும். அத்தகைய போராட்டங்களில், இன்னார் இன்ன தோட்டத்தில் இத்தனை காலம் இருந்தார் என்பதற்கு ஏடே சாட்சி. ஏடு இல்லாத இடத்தில் பழைய கணினி சாட்சி.

2000-ஆம் ஆண்டு பிறந்தபோது எழுந்த கலவரத்தையும் இங்கே குறிப்பிடலாம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிப் பழகிய நிரல்களுக்கு, 68-இல் சேர்ந்தவரின் சேவைக் காலத்தை 00-இலிருந்து கழிக்கும்படி நேர்ந்தால், அவர் இன்னும் பிறக்காத ஒரு வேலைக்காரர் ஆகிவிடுவார். இதற்காகக் கோடிக்கணக்கில் செலவிட்ட பெரிய ஸ்தாபனங்கள் உண்டு. சிறு அலுவலகங்களின் பரிகாரம் சிக்கனமானது: கணினியின் தேதியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளிவைத்துக் கணக்கை ஓட்டிவிட்டு, சீட்டில் வரும் ஆண்டை மையால் திருத்துவது. சாஸ்திரப்படி அது பிழை. சம்பளம் மட்டும் குறித்த நாளில் கைக்கு வந்துவிடும்.

இனிப் பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். இந்தக் கதையின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளி செல்லும் வயதில் பத்துக் குழந்தைகள் இருந்தால் தோட்டத்தார் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயக்கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும், சில இடங்களில் கங்காணியின் வீட்டுத் திண்ணையிலும் தொடங்கிய அந்தப் பள்ளிகள், நாடு விடுதலையடைந்த 1957-இல் 888 இருந்தன என்பது கணக்கு. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். துவான் மீ, ரிவர்சைட், புக்கிட் ரோத்தான் என்று தோட்டத்தின் பெயரையே தாங்கி நின்ற பள்ளிகளில் சில, தோட்டம் வீடமைப்புப் பகுதியான பிறகும் 'லாடாங்' என்ற அடைமொழியை விடவில்லை. இவற்றுக்குக் கணினி வந்த வழிகள் பல. நிறுவனங்கள் தாங்கள் கழித்த இயந்திரங்களைத் தானமாகக் கொடுத்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விருந்து வைத்துப் பணம் திரட்டி வாங்கின. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் தொடங்கியபோது, அரசாங்கம் மடிக்கணினியும் ஒளிபடக் கருவியும் பாட வட்டுகளும் அனுப்பியது. அந்தத் திட்டத்தை 2009-இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். இயந்திரங்கள் பள்ளியிலேயே தங்கிவிட்டன.

தானமாக வந்தவற்றில் பெரும்பாலும் விண்டோஸ் 98 இருந்தது. அதற்கு 16 மெகாபைட் நினைவகமே போதும். எக்ஸ்பிக்கோ 64 இருந்தால்தான் உயிர், 128 இருந்தால்தான் நடை. ஆகவே பழைய இயந்திரத்தில் புது இயங்குதளத்தை ஏற்றுவது பொருளாதாரத்துக்கு மட்டுமல்ல, பௌதிகத்துக்கே முரண். இது உலகத்தில் எந்த ஏழைப் பள்ளிக்கும் பொதுவான சங்கடந்தான். தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரிய சங்கடம் எழுத்திலே இருந்தது.

கணினி மேல்நாட்டில் பிறந்தது. ஒரு பைட்டில் 256 இடங்கள். அவற்றில் முதற்பாதி ஆங்கில எழுத்துக்கும் குறியீட்டுக்கும் போய்விட்டது. எஞ்சிய 128 இடங்களுக்குள் 247 எழுத்துகளையும் கிரந்தத்தையும் உட்கார வைக்கவேண்டும். கொம்பைத் தனியே, காலைத் தனியே, புள்ளியைத் தனியே பிரித்து வைத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கோத்துத் தமிழை எழுதும் உபாயத்தைப் பலரும் தனித்தனியே கண்டார்கள். கனடாவில் சீனிவாசனின் ஆதமி, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், இங்கே மலேசியாவில் கவிஞர் முரசு நெடுமாறனின் புதல்வர் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு என்று அந்த முயற்சிகள் உலகின் நாலா திசையிலும் எழுந்தன. தமிழனின் கடல் கடந்த வாழ்வுக்கு அவை ஒரு பெருமை; ஆனால் ஒவ்வொருவரும் எழுத்துகளை ஒவ்வோர் இடத்தில் வைத்ததனால், ஒரு கணினியின் தமிழ் மற்றொரு கணினிக்குத் தமிழாகப்படவில்லை. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் கோப்பைத் திறந்தால், தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் திரை நிறைய வந்து நிற்கும்; ஃபொக்கோனியே துரை தம் பாஷையோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டாரோ என்று தோன்றும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. டிஸ்கி, டாம், டாப் என்ற தரங்கள் பிறந்தன. 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. தரங்கள் பலவாக இருந்தால் தரம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு விநோதத்தை மட்டும் சொல்கிறேன். டிஸ்கியில் 'இ' என்னும் உயிரெழுத்தை 173 என்ற இடத்தில் வைத்தார்கள். ஐரோப்பியக் கணினி மரபில் அந்த இடம் வரியின் முடிவில் மாத்திரம் தோன்றி, மற்றபடி மறைந்திருக்கும் இணைகோட்டுக்கு உரியது. விளைவு என்னவென்றால், சில நிரல்களில் 'இ' சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். 'இந்தியர்' என்று தட்டெழுதினால் 'ந்தியர்' என்று நிற்கும். பின்னர் அந்த எழுத்துக்கு வேறோர் இருக்கையும் கொடுத்தார்கள் என்றாலும், பழைய கோப்பு பழையபடியே கிடந்தது.

வேர்ட் நிரலின் உபகாரமும் உபத்திரவமாயிற்று. வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் அதற்கு உண்டு. எழுத்துருவின் வேஷத்தை விலக்கிப் பார்த்தால், உள்ளே இருப்பது புள்ளி வைத்த சிறிய ஐரோப்பிய எழுத்தாகவே அதற்குத் தெரிகிறது, அதைப் பெரிதாக்குகிறது, மேலே தமிழ் எழுத்து வேறொன்றாகிவிடுகிறது. ஆண்டு விழா மலரைத் தட்டெழுதும் ஆசிரியை, சரியாக அடித்த சொல் தன் கண்ணெதிரிலேயே திரிவதைப் பார்த்துத் திகைப்பார். தமிழ் அடிப்பதற்கு முன் தானியங்கித் திருத்தத்தை அணைக்கவேண்டும் என்பது இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் ஆத்திசூடியைப்போல் ஒருவருக்கொருவர் சொல்லி வந்த பாடமாயிற்று.

இந்தக் காரணத்தினால்தான் பழைய இயங்குதளம் பள்ளியில் நிலைத்தது. பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால், சுற்றிலும் செம்பனை சூழ்ந்த ஒரு பள்ளியின் அலுவலக அறையில் நான் கேட்ட சம்பாஷணை ஒன்று நினைவுக்கு வருகிறது. பழுது பார்க்க வந்த இளைஞர் அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, பட்டணத்தில் கடை வைத்தவர். கணினியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல. புதுசு வாங்கிடுங்க," என்றார். தலைமையாசிரியை, "வாங்கலாம் தம்பி. நம்ம பழைய மலர், வாரியத்துக் கடிதம் எல்லாம் அதுல வருமா?" என்று கேட்டார். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "பைல் வரும் டீச்சர். தமிழா வராது," என்றார். அதன் பிறகு புதியது வாங்கும் பேச்சை எவரும் எடுக்கவில்லை. அவரும் திருப்புளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அவருடைய தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். வாகனப் பட்டறைக்கும் வானொலி பழுது பார்க்கும் கடைக்கும் உள்ள கௌரவம் இன்னும் அதற்குக் கிட்டவில்லை. வட சிலாங்கூரில் கணினிக்கு முதற்சத்துரு இடி. ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடி முழங்கும் பிரதேசம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் வானிலை நூல்கள் கூறும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால், மின் கம்பியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, தொலைபேசிக் கம்பியையும் மோடத்திலிருந்து கழற்றவேண்டும். மின்னல் பெரும்பாலும் அந்த மெல்லிய கம்பி வழியாகவே வரும். "மழை வந்தால் ரெண்டு வயரையும் கழட்டவும்" என்று சுவரில் ஒட்டிய தாளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 98-இன் முதற்பதிப்பில், கணினி இடைவிடாது 49.7 நாள் ஓடினால் அதன் உள்கடிகார எண் நிரம்பி வழிந்து அப்படியே நின்றுபோகும் என்றொரு புகழ்பெற்ற பிழை உண்டு. இடியும் மின்வெட்டும் புண்ணியம் கட்டிக்கொண்டதால், இந்தப் பக்கத்தில் எந்தக் கணினிக்கும் அந்த வியாதி வர வாய்ப்பே ஏற்பட்டிராது.

அடுத்த சத்துரு ஈரம். 1.44 மெகாபைட் கொள்ளும் டிஸ்கெட்டின் காந்தத் தட்டில் பூஞ்சை படரும். அதைச் செருகினால் படிக்கும் ஊசியும் கெடும். அந்த ஊசி அடுத்த டிஸ்கெட்டையும் கெடுக்கும். பிஸ்கட் டின்னில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டிஸ்கெட்டுகளை அடைத்து வைத்த பள்ளிகள் பிழைத்தன. நினைவக அட்டையின் பொன்னிறப் பற்களில் படியும் மாசைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துவிட்டுத் திரும்பச் செருகினால், இறந்தது என்று கைவிட்ட கணினி எழுந்துகொள்ளும். ரப்பர் தோட்டத்துக்குப் பொருத்தமான வைத்தியந்தான். 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் உற்பத்தியான தாய்ப்பலகைகளில், தரக்குறைவான திரவம் அடைத்த கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்தது உலகளாவிய கொள்ளை நோய். தானமாக வந்த இயந்திரங்களில் அந்தக் காலத்துச் சரக்கு அதிகம் என்பதால் பழுது பார்ப்போருக்கு அந்த வீக்கம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கடிகாரத்துக்குச் சக்தி கொடுக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்தால் தேதி 1980 ஜனவரி 1-க்கோ இயந்திரம் பிறந்த ஆண்டுக்கோ ஓடிவிடும். சம்பள நிரல், போன மாதத்துக்கு முந்திய மாதத்துக்குச் சம்பளம் போடமாட்டேன் என்று மறுக்கும். சில வெள்ளி விலையுள்ள அந்த வட்டத்தை மாற்றத் தெரியாமல் முழு இயந்திரத்தையும் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

மூன்றாவது சத்துரு மனிதர் மூலமாக வந்தது. பென் டிரைவ் பரவிய காலத்தில் இந்தோனீசியாவில் 2005-இல் பிறந்த பிரொன்டோக் என்ற புழு, கடல் கடந்து வரும் சிரமம் கூட இல்லாமல் இங்கே வந்து சேர்ந்தது. அது மலாய்க்கு நெருங்கிய பாஷையில் ஒழுக்கோபதேசம் செய்யும் புழு. கோப்புறை வடிவில் தன்னை வேஷம் போட்டுக்கொள்ளும்; மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை முடக்கும்; அதை நீக்க வேண்டிய கருவியைத் திறந்தால் கணினியை அணைத்து எழுப்பும். பள்ளிக்குப் பள்ளி ஒரே பென் டிரைவில் தேர்வுத் தாள் கொண்டு சென்ற காலம் அது. புழுவுக்கு அதைவிடச் சிறந்த வாகனம் கிடைக்குமா? வட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தை மறுபடி ஏற்றுவதே பலருக்குத் தெரிந்த பரிகாரம். அதற்கு முன் எழுத்துருக் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று தெரிந்தவர் சிலரே. தெரியாதவர் கையில் சிக்கிய பள்ளிகளில் கோப்பு மிஞ்சியது, எழுத்துரு போயிற்று.

தமிழை இந்த எழுத்துருச் சிறையிலிருந்து மீட்கும் திறவுகோல் வெகு முன்பே தயாராகியிருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடின் முதற்பதிப்பு 1991-இலேயே தமிழுக்குத் தனியிடம் வகுத்துவிட்டது; 2000-இல் வெளிவந்த விண்டோஸ் 2000 அதைத் திரையில் காட்டியது; 2001-இல் எக்ஸ்பியும் வந்தது. ஆயினும் எக்ஸ்பியில் தமிழ் தானாக வரவில்லை. மண்டல, மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற சிறு கட்டத்தில் குறியிட்டு, கேட்கும்போது மூல வட்டைச் செருகவேண்டும். செருகாவிட்டால் வெறுங்கட்டங்கள் வரும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மூல வட்டு எங்கே? இயந்திரத்தோடு வந்த அட்டைப்பெட்டியில், அட்டைப்பெட்டி கறையானுக்கு. ஒரு கட்டத்தில் ஒரு குறி இடப்படாததால் ஒரு பள்ளி யூனிகோடை ஐந்தாறு ஆண்டு தாமதமாகக் கண்டது என்றால், அதை அந்தப் பள்ளியின் மந்தபுத்தி என்று எவன் சொல்வான்?

விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலை 11-ஆம் தேதியோடும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடும் ஆதரவு நின்றது. அந்தத் தேதிகளில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. காவல்காரன் போய்விட்ட வீட்டில் குடியிருப்பதுபோல் ஜனங்கள் மேலும் பல ஆண்டு அவற்றில் குடியிருந்தார்கள். விஷயமறிந்தவர்கள் அந்த இயந்திரங்களை இணையத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். பழைய டாஸ் சம்பள நிரலை, டாஸ்பாக்ஸ் என்ற பாவனை இயந்திரத்துக்குள் வைத்துப் புதுக் கணினியில் ஓட்டினார்கள்; 64 பிட் விண்டோஸ் அந்தக் காலத்து 16 பிட் நிரல்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடும் என்பதால் அப்படிப்பட்ட ஓர் உபாயம் தேவைப்பட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் அதே கதி நேர்ந்துவிட்டது. இப்போது ஓடுகிற பள்ளிக் கணினிகளில் எத்தனை அந்தப் பட்டியலில் சேரும் என்று தலைமையாசிரியர்கள் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்துப் பள்ளியிலோ ஆலயத்திலோ மறைந்த ஒரு பெரியவர் வீட்டிலோ ஒரு பழைய கணினி மூலையில் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் அதன் வட்டிலுள்ள கோப்புகளையும், எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையையும் சேர்த்தே பிரதி எடுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் முதலிய மாற்றிகள் பழைய குறியீட்டை யூனிகோடாக்கித் தரும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் சில நிமிஷ வேலை, தெரியாவிட்டால் ஒரு நாள் வேலை. டிஸ்கெட்டுகளைப் படிக்கும் இயந்திரம் நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது, பூஞ்சை காத்திருக்காது. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, பள்ளியும் இடம் மாறிய ஊர்களுக்கு, யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்லும் ஆவணம் பல சமயம் அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கிறது.